பவுடர் கோட்டிங்: வண்டியில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஃப்ரேமைப் பவுடர் கோட்டிங் முடித்து, பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திண்ணையில் வைத்துப் பிரித்தால் அப்படி ஒரு கறுப்பு, முகம் பார்த்துத் தலை சீவலாம். மறுநாள் காலையில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை மாட்ட உட்கார்ந்தேன். போல்ட் நுழையவில்லை. சுத்தியலால் லேசாகத் தட்டினேன், முனையில் பவுடர் சுருள் சுருளாக உரிந்து வந்ததே தவிர போல்ட் நகரவில்லை. உப்புத்தாளைச் சுருட்டி ஓட்டைக்குள் விட்டுத் தேய்த்தே மூன்று சாயங்காலம் போனது. ஒருவழியாக வண்டியைக் கூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் இண்டிகேட்டர் எரியவில்லை, ஹாரன் சளி பிடித்தவர் போல இருமுகிறது. எர்த் ஒயர் பிடிக்கும் இடத்திலும் பவுடர் ஏறியிருந்தது.

அடித்துக் கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிக்கிறவர். எந்த இடத்தை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல்முறையாகக் கொடுக்கப் போகிறவர்கள் அந்த மூன்று சாயங்காலத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், என்னதான் நடக்கிறது

பெயின்டில் நிறம், பிசின், இரண்டையும் கரைத்து வைக்கும் தின்னர் மூன்றும் இருக்கும். பவுடரில் தின்னர் கிடையாது. நிறமும் பிசினும் சேர்ந்து முகப்பவுடர் மாதிரி நைசான தூளாக இருக்கும். துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். அங்கே தூள் மின்னேற்றம் பெறுகிறது. கொக்கியில் தொங்கும் இரும்பு எர்த்துடன் இணைந்திருக்கிறது. தலை சீவிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுமே, அது போலத் தூள் போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே ஓவனுக்குள் தள்ளி 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் தூள் உருகி, பரவி, வேதிவினையால் பிணைந்து ஒரே தோலாக இறுகிவிடும். இறுகியதை மறுபடி சூடாக்கினாலும் உருகாது.

'ஒரே தோல்' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் நன்மைகளில் பாதிக்கும், தொல்லைகளில் பெரும்பகுதிக்கும் அதுதான் காரணம்.

ஒரே முறை அடித்தாலே 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வந்துவிடும், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். பெயின்ட் போல வழிந்து கண்ணீர்க் கோடு விழாது. சக்கரம் தெறிக்கும் பொடிக்கல், செயின் ஆயில், செருப்பு உரசல் எல்லாவற்றையும் சாதாரண ஸ்ப்ரே பெயின்டைவிட நன்றாகத் தாங்கும். ஓவனிலிருந்து வந்து ஆறினால் போதும், அன்று மாலையே கூட்டலாம். பெயின்ட் என்றால் நாள்கணக்கில் காயவிட்டு, நகம் பட்டாலே பதறிக்கொண்டிருக்க வேண்டும். கீழே விழும் தூளைக் கூட்டி எடுத்து மறுபடி பயன்படுத்த முடியும். தின்னர் ஆவி கிடையாது. பட்டறைக்காரரின் நுரையீரலுக்கு அந்த அளவில் நல்லது, ஆனால் மாஸ்க் போட்டே தீர வேண்டும்.

தொல்லைகள் கீழே ஒவ்வொன்றாக வரும். அவற்றைத் தனிப் பட்டியலாகப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை. எந்தப் பாகத்தில் எது என்று பார்த்தால்தான் புரியும்.

எதைக் கொடுப்பது: பாகம் பாகமாக முடிவெடுங்கள்

"வண்டியை மொத்தமாகப் பவுடர் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

யோசிக்காமல் கொடுக்கக்கூடியவை: ஃப்ரேம், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, கிராஷ் கார்டு, கேரியர், ஃபுட்ரெஸ்ட் கம்பி, பேட்டரிப் பெட்டி, ஹெட்லைட் பிராக்கெட். நெளிவு இல்லாத இரும்பு மட்கார்டையும் கொடுக்கலாம். நெளிந்து பட்டி போட்ட மட்கார்டு என்றால் வேண்டாம். நாம் வழக்கமாகப் போடும் பட்டி 200 டிகிரிக்கு நிற்காது, கொப்பளிக்கும், வெடிக்கும். உலோகப் பட்டி என்று சூட்டைத் தாங்கும் வகைகள் உண்டு. எல்லாப் பட்டறையிலும் கிடைக்காது. டிங்கரிங் நன்றாகச் செய்து தகரத்தையே சமமாக்கிவிட்டுக் கொடுப்பது உத்தமம்.

பெட்ரோல் டேங்கை நான் கொடுப்பதில்லை. முதல் காரணம் உயிர். காலியான டேங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், அதை ஓவனில் வைப்பது விளையாட்டல்ல. இரண்டாவது, பழைய டேங்க் என்றால் எங்காவது ஒழுகி யாராவது ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஓவனுக்குள் டேங்காகப் போனது சல்லடையாக வெளியே வரும். மூன்றாவது, டேங்கின் அழகு கோடுகளிலும் ஸ்டிக்கரிலும் அதற்குமேல் அடிக்கும் கிளியர் கோட்டிலும் இருக்கிறது. அது நல்ல பெயின்டரின் வேலை. ராயல் என்ஃபீல்டு புல்லட் டேங்கின் தங்கக் கோடுகளைத் தொழிற்சாலையிலேயே கையால்தான் இழுத்தார்கள், அது சும்மா இல்லை.

சைலன்சரும், இன்ஜினிலிருந்து அதற்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் கூடாது. இன்ஜினை ஒட்டிய இடத்தில் சூடு 300 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சாதாரணப் பாலியஸ்டர் பவுடர் அங்கே கருகிப் பொரிந்துவிடும். சிலிக்கோன் கலந்த உயர்வெப்பப் பவுடர் உண்டு என்றாலும் கிரில் பட்டறையில் அதை எதிர்பார்க்காதீர்கள். சிலிண்டர், ஹெட் ஆகியவற்றின் துடுப்புகளுக்கும் வேண்டாம். சூட்டை வெளியேற்ற இருக்கும் துடுப்புக்குத் தடித்த சட்டை மாட்டுவானேன்? சூடு தாங்கும் ஸ்ப்ரே பெயின்டை மெல்லிதாக அடித்தால் போதும். கிளட்ச் கவர், மேக்னட் கவர் போன்ற அலுமினிய வார்ப்புகளைக் கொடுக்கலாம், ஆனால் பல வருட ஆயில் அந்த வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். பவுடர் அடிக்கும் முன் ஒருமுறை வெறுமனே ஓவனில் வைத்து அந்த ஆயிலை வெளியேற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளிருந்து குமிழாகக் கிளம்பி மேலே ஊசித் துளைகளாக நிற்கும்.

சக்கரம் தனிக் கதை. குரோம் ரிம்மில் பவுடர் ஒழுங்காகப் பிடிக்காது, குரோமை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஸ்போக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் உட்காரும் இடத்தில் பவுடர் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி ஸ்போக்கின் இழுவை தளரும். 100, 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டைட் வைத்துக் கோட்டம் பாருங்கள். ஹப்பில் பேரிங் உட்காரும் இடம், பிரேக் ஷூ தேயும் டிரம்மின் உள்வட்டம் இரண்டிலும் ஒரு துளி பவுடர் விழக் கூடாது. அலாய் வீல் என்றால் ஓவன் சூட்டைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். அலாய்க்கு அந்த பலம் சூட்டுப் பதனத்தால் வந்தது. 200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அந்த பலம் குறையத் தொடங்கும். விரிசல்விட்டு வெல்டிங் வைத்த அலாய்க்கு எந்தக் கோட்டிங்கும் வேண்டாம். அது எடைக்குப் போட வேண்டிய பொருள்.

முன் ஃபோர்க்கின் மின்னும் உள்குழாய், பிரேக் டிஸ்க், ஆக்ஸில்: பேச்சே இல்லை.

பட்டறையில் கேட்க வேண்டியவை

நம் ஊரில் பவுடர் கோட்டிங் பட்டறை என்றால் பெரும்பாலும் கேட், கிரில், பீரோ, மின்சாரப் பெட்டி அடிக்கும் இடங்கள்தான். கூலியும் சதுர அடிக் கணக்கிலோ பீஸ் கணக்கிலோ இருக்கும். பைக் பாகங்கள் மட்டும் செய்பவர்கள் சென்னை, கோவை போன்ற ஊர்களில் உண்டு, அவர்களிடம் கூலி கூடுதல். கூடுதலாக வாங்கும் பணத்தில் பெரும்பகுதி மறைப்பு வேலைக்குத்தான் போகிறது. அதை நீங்களே செய்யத் தயார் என்றால் கிரில் பட்டறையும் போதும்.

முதல் கேள்வி பவுடர் எந்த வகை என்பது. எபாக்ஸியும் பாலியஸ்டரும் கலந்தது வீட்டுக்குள் இருக்கும் பீரோவுக்கு ஏற்றது. நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு, ஆனால் வெயிலில் நின்றால் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு படிந்தது போல வெளுக்கும். நம் வெயிலுக்குப் பியூர் பாலியஸ்டர்தான். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், அட்டைப்பெட்டியின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது கேள்வி துருவை எப்படி எடுப்பார்கள் என்பது. பல இடங்களில் 'செவன் டேங்க்' முறை உண்டு. எண்ணெய் நீக்கி, கழுவி, அமிலத்தில் துரு எடுத்து, பாஸ்பேட் பூச்சு ஏற்றும் தொட்டி வரிசை அது. தகட்டுக்கும் கேட்டுக்கும் அருமையான முறை. பைக் ஃப்ரேமுக்கு எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. குழாய்களின் உள்ளும் மூட்டுகளிலும் அமிலம் தேங்கிவிட்டால், ஆறு மாதம் கழித்துப் புதுக் கோட்டிங்கின் விளிம்பில் பழுப்புக் கண்ணீராக இறங்கும். ஃப்ரேமைச் சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பது) செய்யச் சொல்லுங்கள். அலுமினியத்துக்குக் கண்ணாடிமணி பிளாஸ்டிங். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கும் பிளாஸ்டிங்தான், அமிலம் வேண்டவே வேண்டாம். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் ஏறினால் அந்த வகை எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் பவுடர் அடித்து அதற்குமேல் பாலியஸ்டர் அடிப்பார்களா? உப்புக் காற்றில் இந்த ஒரு அடுக்கு ஆயுளைக் கூட்டும்.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

ரப்பர் புஷ், பிளாஸ்டிக், பேரிங், ஸ்டீயரிங் தலையில் குண்டுகள் உருளும் கோன் செட் கிண்ணம் எல்லாம் வெளியே வர வேண்டும். 'ஒரே ஒரு புஷ்தானே' என்று விட்டுவைத்தால் ஓவனில் ரப்பர் உருகி நாறும். கிரீஸ் அதைவிடப் பொல்லாதது. ஸ்டீயரிங் தலைக்குள் ஒட்டிக்கிடக்கும் பழைய கிரீஸ் சூட்டில் இளகி வெளியே வழிந்து, அந்தப் பாதை முழுக்கப் பவுடரைப் பிடிக்கவிடாமல் செய்யும். மண்ணெண்ணெய், டீசல், அப்புறம் சோப்புத் தண்ணீர் என்று மூன்று தடவையாவது கழுவுங்கள்.

கழுவிய ஃப்ரேமை வெயிலில் வைத்து மூட்டு மூட்டாகப் பாருங்கள். விரிசல் இருந்தால் இப்போதுதான் தெரியும், வெல்டிங்கும் இப்போதுதான் வைக்க வேண்டும். கோட்டிங் போட்ட பிறகு வெல்டிங் வைத்தால் சுற்றிலும் கருகிவிடும், அதை ஒட்டுப்போடவும் முடியாது. ஃப்ரேம் கோணல் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

சேஸிஸ் நம்பரை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஸ்டீயரிங் தலைப்பகுதியில் குத்தியிருக்கும். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைப் பார்ப்பார்கள், தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கச் சொல்வார்கள். தடித்த பவுடர் அந்த எழுத்துப் பள்ளங்களை நிரப்பிவிட்டால் உங்கள் வண்டியை உங்கள் வண்டி என்று நிரூபிக்கும் நிலை வரும். கொடுக்கும் முன்பே போட்டோவும் பென்சில் அச்சும் எடுத்து வையுங்கள். நம்பர்மேல் பிளாஸ்டிங் வேகமாகப் படாதபடியும் பவுடர் படாதபடியும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் அந்த இடத்தில் மெல்லிய கிளியர் லேக்கர் தொட்டுவிட்டால் துரு பிடிக்காது.

மறைப்பு: இதில் கஞ்சத்தனம் கூடாது

ஒரு சின்னக் கணக்கு. பவுடர் 80 மைக்ரான் என்றால் ஓட்டையின் உள்சுற்று முழுக்க அது ஏறும், ஆகவே விட்டம் 0.16 மில்லிமீட்டர் குறையும். பேரிங் அழுந்தி உட்காரும் இடங்களின் அளவெல்லாம் மைக்ரான் கணக்கு, அங்கே இது பூகம்பம். மரையில் இன்னும் மோசம். சரிவான இரண்டு முகத்திலும் பவுடர் ஏறுவதால் பிட்ச் விட்டத்தில் (மரையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அளக்கும் விட்டம்) தடிமனைப் போல நான்கு மடங்கு, அதாவது 0.32 மில்லிமீட்டர் மாற்றம் வரும். போல்ட் ஏன் நுழையவில்லை என்று எனக்கு இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் உறைத்தது.

மரைகளுக்குச் சிலிக்கோன் அடைப்பான் இருக்கிறது, ஒரு பை வாங்கி வைத்தால் பல தடவை வரும். இல்லையென்றால் ஒரு பழைய போல்ட்டைத் திருகி வையுங்கள். தட்டையான இடங்களுக்குச் சூடு தாங்கும் பச்சை நிறப் பாலியஸ்டர் டேப். கடையில் கிடைக்கும் சாதாரண மாஸ்கிங் டேப் ஓவனில் கருகி ஒட்டிக்கொள்ளும்.

கோன் கிண்ணம் உட்காரும் இடம், ஸ்விங் ஆர்ம் துளைகள், எல்லா மரைகள், எர்த் முனை, சேஸிஸ் நம்பர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இன்ஜின் போல்ட் இறுகும் முகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விடுவது இதைத்தான். போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே தடித்த பவுடர் இருந்தால் அதிர்விலும் சூட்டிலும் அது மெல்ல நசுங்கி, நீங்கள் வைத்த டைட் தானாகக் குறையும். முடிந்தால் நீங்களே நின்று ஒட்டுங்கள். "அண்ணே, டேப் நானே ஒட்டித் தரட்டுமா?" என்று கேட்டால் "தாராளமா ஒட்டுப்பா" என்றுதான் பதில் வரும். அவருக்கு அது மிச்சம்.

எந்த இடத்தில் கொக்கி மாட்டுவார்கள் என்றும் பேசிவிடுங்கள். கொக்கி தொட்ட இடத்தில் பவுடர் இருக்காது. அது சீட்டுக்கு அடியில் ஒளியட்டும்.

அடிக்கும் நாள்

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கும். வெறுங்கையால் தொட்டால் விரல் ரேகை மறுநாள் துருவாகத் தெரியும். ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். அதனால் பிளாஸ்டிங்கும் கோட்டிங்கும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு இடம் என்றால், முன்கூட்டியே பேசி நேரம் வாங்குங்கள். அடிக்கும் முன் ஃப்ரேமைத் தூக்கிக் குலுக்குங்கள். சலசலவென்று சத்தம் வந்தால் குழாய்க்குள் மணல் இருக்கிறது. காற்றடித்து வெளியேற்றாவிட்டால் பிற்பாடு அது உங்கள் பேரிங்கைத் தேடி வரும்.

துப்பாக்கி அடிக்கும்போது கவனித்தால் ஒன்று தெரியும். உள்மூலைகளிலும் இரண்டு குழாய் சேரும் இடுக்கிலும் தூள் போக மறுக்கும். மின்புலம் விளிம்புகளிலேயே நின்றுவிடுவதால் வருவது இது. முதலில் இடுக்குகளை அடித்துவிட்டு அப்புறம் வெளிப்பக்கம் வரச் சொல்லுங்கள்.

ஓவனில் 200 டிகிரி என்பது இரும்பின் சூடு, காற்றின் சூடு அல்ல. 200 டிகிரிக்கு 10 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தால், இரும்பு அந்தச் சூட்டை எட்டியபின் எண்ண வேண்டிய 10 நிமிடம் அது. மெல்லிய மட்கார்டும் கனமான ஹப்பும் ஒரே நடையில் போனால் மட்கார்டு வெந்துவிடும், ஹப் அரைவேக்காடு. தோசையும் இட்லியும் ஒரே நேரத்தில் இறங்குமா என்ன.

வாங்கும்போது சோதனை

கொடுக்கும்போதே கைப்பிடி அளவு கழிவுத் தகடு ஒன்றையும் சேர்த்து அடிக்கச் சொல்லியிருப்பீர்கள் (சொல்லுங்கள்). அதை வளைத்துப் பாருங்கள். சரியாக வெந்த பவுடர் தகட்டோடு சேர்ந்து வளையும், அரைவேக்காடு என்றால் ஓடு போலத் தெறிக்கும். பஞ்சில் தின்னர் தொட்டு, கண்ணில் படாத இடத்தில் பத்திருபது தடவை தேயுங்கள். லேசாகப் பளபளப்பு மங்கலாம், ஆனால் பஞ்சில் நிறம் கொத்தாக வந்தால் மறுபடி ஓவனுக்கு அனுப்பலாம். ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய அலைகள் ஓரளவு இருக்கத்தான் செய்யும், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

நிறத்தில் ஏமாற்றம் வரலாம். பவுடர் ரால் (RAL) என்ற நிற அட்டையின் எண்ணில் வரும், ரால் 9005 கறுப்பு என்பது போல. பெயின்டைப் போல இரண்டை ஊற்றிக் கலக்கிப் புது நிறம் செய்ய முடியாது. அதனால் டேங்கின் பெயின்டோடு ஃப்ரேமின் பவுடர் அச்சாகப் பொருந்த வேண்டுமென்றால் சிரமம்தான். ஃப்ரேம் கறுப்பாக இருக்கும் வண்டிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கூட்டுவதும் பிறகு பராமரிப்பதும்

எர்த் முனையை உலோகம் தெரியும்வரை சுரண்டி, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் போல்ட்டுகளை ஒரு சுற்று டைட் பாருங்கள். ஸ்டீயரிங் தலையில் கேபிள்கள் உரசும் இடங்களில் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தூசியோடு உரசும் கேபிள் அரம் மாதிரி, ஒரே வருடத்தில் இரும்பைக் காட்டிவிடும்.

அப்படி ஒரு இடத்தில் இரும்பு தெரிந்துவிட்டால் அலட்சியமாக விடாதீர்கள். பெயின்டில் துரு கிளம்பினால் அங்கேயே பொத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பவுடரில் துரு தோலுக்கு அடியிலேயே நடக்கும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும், ஒருநாள் நகத்தால் நெம்பினால் விரல் நீளத்துக்குத் தகடாக எழும்பி வரும். அங்கே மட்டும் மறுபடி பவுடர் அடிக்க வழியில்லை. மொத்தத்தையும் உரித்துத்தான் அடிக்க வேண்டும், உரிப்பதும் பெயின்டைப் போல எளிதல்ல. பொட்டு அளவில் இருக்கும்போதே துருவைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, மேலே அதே நிற எனாமல் வைத்துவிடுங்கள். என் வண்டியின் சைடு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பொட்டுகளுக்கும் மேலே வைத்திருப்பது என் தங்கையின் கறுப்பு நெயில் பாலிஷ். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவள் உட்பட.